மலைப்பாதையில் ஓடும் லொறிக்குக் காற்றுத் தாங்கி மாற்றுவது: எதை வாங்குவது, எப்படிப் பூட்டுவது?

தலவாக்கலைப் பக்கத்துத் தொழிற்சாலையொன்றிலிருந்து கொழும்புக்குத் தேயிலைத்தூள் ஏற்றும் உங்கள் இரண்டு அச்சு லொறியில், பிரேக்குக்கு வேண்டிய அழுத்தக் காற்றைச் சேமித்துவைக்கும் உருளையான காற்றுத் தாங்கி அடிப்பக்கத்தில் துருப்பிடித்திருப்பதாகவும், சவர்க்கார நீர் பூசினால் அந்த இடத்தில் குமிழி வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஒரு மெக்கானிக் ஒட்டுப் போட்டால் போதும் என்கிறார். இன்னொருவர் கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் பெரிய லொறியொன்றின் பழைய தாங்கியை வாங்கி, முன்சில்லுகளுக்கும் பின்சில்லுகளுக்கும் தனித்தனியாக இப்போதுள்ள இரண்டையும் கழற்றிவிட்டு அது ஒன்றையே பூட்டலாம் என்கிறார். இந்த இரண்டு யோசனைகளையும் தயவுசெய்து கைவிடுங்கள். அதே கொள்ளளவும் அதே இணைப்புத் துளைகளும் கொண்ட புதிய தாங்கியை, பழையது இருந்த அதே சுற்றில், அதாவது அதே காற்றுக் குழாய்த் தொகுதியில், பூட்டுங்கள். பூட்டுவதற்கு முன் பழைய தாங்கிக்குள் தண்ணீர் எப்படித் தேங்கியது என்பதையும் கண்டுபிடியுங்கள். சுருக்கமான விடை அவ்வளவுதான். ஆனால் காரணம் தெரியாவிட்டால் கராஜில் யாராவது வேறு மாதிரிச் சொல்லும்போது மனம் மாறிவிடும் என்பதால், ஒவ்வொன்றையும் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒட்டுப் போடும் யோசனையைப் பார்ப்போம். இரும்புத் தாங்கியின் தகடு பொதுவாக 2 முதல் 3 மில்லிமீட்டர் வரையான தடிப்புடையது. வெளியில் தெரியும் ஓட்டை, உள்ளே நீண்ட காலமாக நடந்துவந்த அரிப்பின் கடைசிக் கட்டம். ஹட்டனிலுள்ள ஒரு கராஜில் இப்படிக் கழற்றிய தாங்கியொன்றை நீளவாட்டில் அறுத்துப் பார்த்திருக்கிறோம். மேல்பாதியில் உட்பூச்சு ஏறக்குறையப் புதிதாகவே இருந்தது. அடியில் மட்டும், தண்ணீர் தேங்கி நின்ற மட்டம் வரை, ஒரு கையளவு அகலத்துக்குச் செம்பழுப்புப் பட்டையொன்று ஓடியது. அந்தப் பட்டை முழுவதும் ஆணி நுனி இறங்கக்கூடிய குழிகள். வெளியே கசிந்தது அவற்றுள் ஒன்று மட்டும்தான். மற்றவை தகட்டின் பெரும்பகுதியைத் தின்றுவிட்டு, வெளிப்பூச்சின் துணையில் நின்றுகொண்டிருந்தன. அந்தத் தகட்டில் நெருப்பு வைத்தால் ஒட்டுப் போட்ட இடத்தைச் சுற்றியுள்ள உட்பூச்சு எரிந்துபோகும். உள்ளே படிந்திருக்கும் ஒயில் பற்றவும் கூடும். பக்கத்துக் குழி இன்னும் மெலியும். 25 சென்றிமீட்டர் விட்டமுள்ள தாங்கியின் ஒரு பக்க மூடியின் மீது, 8 பார் அழுத்தத்தில் (ஒரு பார் என்பது ஏறக்குறைய கடல்மட்டக் காற்றழுத்தம்) ஏறக்குறைய 4 தொன் விசை தள்ளிக்கொண்டிருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த விசையைத் தாங்கும் பொருளில் எவரும் கைப்பழக்கத்தை நம்பி வேலை செய்யக் கூடாது. எரிவாயுச் சிலிண்டரை வெட்டியோ இரும்புக் குழாயின் இரு முனைகளையும் தகட்டால் அடைத்தோ செய்த தாங்கிகளுக்கும் இதே தீர்ப்புத்தான்.

இரண்டாவது யோசனை இதைவிட ஆபத்தானது. பார்வைக்கு நல்ல யோசனை போலத் தோன்றுவதால் இன்னும் ஆபத்தானது. உங்கள் லொறியில் தாங்கிகள் ஏன் தனித்தனியாக இருக்கின்றன என்பதைப் பார்த்தால் இது விளங்கும். கொம்பிரசரிலிருந்து வரும் காற்று முதலில் ஈரத்தை உறிஞ்சும் எயார் டிரையர் வழியாகவோ, டிரையர் இல்லாத பழைய வாகனங்களில் நேரடியாகவோ முதல் தாங்கிக்குள் நுழைகிறது. சூடான காற்று அங்கே குளிர்வதால் தண்ணீரின் பெரும்பகுதி அதில்தான் விழும். எனவே கராஜ்களில் அதை ஈரத் தாங்கி என்பார்கள். அங்கிருந்து காற்று இரண்டாகப் பிரிந்து, ஒருவழி வால்வுகள் அல்லது நான்கு சுற்றுப் பாதுகாப்பு வால்வு வழியாக முன்சில்லுகளின் தாங்கிக்கும் பின்சில்லுகளின் தாங்கிக்கும் செல்கிறது. ஒரு சுற்றில் குழாய் வெடித்தாலும் தாங்கி ஓட்டையானாலும் மற்றச் சுற்றின் காற்று வெளியேறாமல் நின்று, லொறியை நிறுத்தப் போதுமான பிரேக் மிஞ்சும். இந்தப் பிரிவுதான் மலைப்பாதையில் சாரதிக்கும் உதவியாளருக்கும் எதிரே வருபவர்களுக்கும் கிடைக்கும் இரண்டாவது வாய்ப்பு. இரண்டு தாங்கிகளையும் கழற்றிவிட்டுப் பெரிய ஒன்றை வைத்தால் கொள்ளளவு கூடும், அழுத்தம் காட்டும் கேஜில் முள்ளும் நன்றாகவே நிற்கும். ஆனால் கினிகத்தேனை இறக்கத்தில் ஒரு குழாய் விட்டால் முன்னும் பின்னும் சேர்ந்தே காற்றை இழக்கும். ஸ்பிரிங் பிரேக் (காற்று இறங்கினால் ஸ்பிரிங்கின் விசையால் தானே பிடிக்கும் பிரேக்) இல்லாத பழைய லொறியாக இருந்தால், காற்றுப் போன பிறகு கையில் மிஞ்சுவது பெரும்பாலும் கியர் மட்டும்தான். ஸ்பிரிங் பிரேக் உள்ள லொறியிலும், சாரதி நினைக்காத இடத்தில் பின்சில்லுகள் இறுகிப் பிடித்து, ஈரமான வளைவில் வண்டியைப் பக்கவாட்டில் இழுத்துவிடலாம்.

இதோடு தொடர்புடைய ஒரு விடயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் அனுபவமுள்ளவர்களும் தவறவிடுவது இதைத்தான். சில லொறிகளில் வெளியே ஒரே உருளையாகத் தெரியும் தாங்கியின் உள்ளே குறுக்குத் தடுப்பொன்று இருக்கும். அது உண்மையில் ஒரே ஓட்டுக்குள் இருக்கும் இரண்டு தாங்கிகள். ஒவ்வொரு அறைக்கும் தனியே நுழைவழியும் வெளிவழியும் வடிகால் வால்வும் இருப்பதால், அடியில் இரண்டு வடிகால்களைக் கண்டால் உள்ளே தடுப்பு இருக்கிறது என்று வைத்துக்கொண்டு விசாரியுங்கள். அளவும் நீளமும் ஒத்துப்போகிறது என்பதற்காகத் தடுப்பில்லாத உருளையை அந்த இடத்தில் பூட்டினால், யாருக்கும் தெரியாமலேயே இரண்டு சுற்றுகளும் ஒன்றாகிவிடும். தடுப்புள்ள பழைய தாங்கியில் அந்தத் தடுப்பே அரித்துப்போயிருக்கவும் கூடும். அதைச் சோதிப்பது எளிது: காற்றை முழுமையாக நிரப்பி, என்ஜினை நிறுத்தி, ஓர் அறையின் வடிகாலை மட்டும் திறந்துவிடுங்கள். ஒரு முள் இறங்கும்போது மற்ற முள் அசையாமல் நிற்க வேண்டும்; நான்கு சுற்றுப் பாதுகாப்பு வால்வு உள்ள லொறியில் ஓரளவு இறங்கி நின்றுவிட வேண்டும். அதுவும் நிற்காமல் கூடவே இறங்கினால் தடுப்பில் அல்லது இந்த வால்வுகளில் கோளாறு இருக்கிறது.

அடுத்தது கொள்ளளவு. "பழையது எவ்வளவோ அதே அளவு" என்பதுதான் சரியான விதி. ஆனால் பல லொறிகளில் முன்பே யாரோ தாங்கியை மாற்றியிருப்பார்கள் என்பதால், இப்போது இருப்பதே சரியான அளவுதானா என்று கணக்குப் பார்த்துக்கொள்வது நல்லது. அமெரிக்காவின் காற்றுப் பிரேக் விதியின்படி, லொறியின் தாங்கிகளது மொத்தக் கொள்ளளவு எல்லா பிரேக் சேம்பர்களின் (சில்லருகே காற்றழுத்தத்தால் பிரேக்கை இயக்கும் அறைகளின்) மொத்தக் கொள்ளளவைப்போல் குறைந்தது 12 மடங்கு இருக்க வேண்டும். அமெரிக்க லொறிகள் நம் வீதிகளில் அரிது என்றாலும், வேறு வழியில்லாதபோது அளந்துபார்க்க இது நல்ல அளவுகோல். முன்சில்லுகளில் 20 ஆம் இலக்கச் சேம்பர் இரண்டும் பின்சில்லுகளில் 30 ஆம் இலக்கச் சேம்பர் இரண்டும் உள்ள லொறியை எடுத்துக்கொள்வோம். முன்னது ஒன்றுக்கு ஏறக்குறைய 0.88 லீற்றர், பின்னது ஒன்றுக்கு 1.46 லீற்றர், நான்கும் சேர்ந்து 4.7 லீற்றருக்குச் சற்றுக் குறைவு. அதன் 12 மடங்கு ஏறக்குறைய 56 லீற்றர்.

இந்த 56 லீற்றரில் 8 பார் காற்று இருக்கும்போது, கொம்பிரசர் எதையும் சேர்க்காத நிலையில் பிரேக்கை ஒரு முறை முழுமையாக மிதித்துவிட்டால் அழுத்தம் ஏறக்குறைய 0.6 பார் இறங்கும். எட்டு முறை மிதித்தால் மிஞ்சுவது 4.2 பார் அளவில் இருக்கும். அதே லொறியில் மொத்தம் 30 லீற்றர் மட்டும் இருந்தால், ஒரு மிதிக்கு 1 பாருக்கு மேல் இறங்கி, எட்டாவது மிதிக்குப் பின் 2.5 பார்தான் நிற்கும். எட்டு என்ற எண்ணை நான் என் விருப்பத்துக்கு எடுக்கவில்லை. ஐரோப்பிய வாகனங்களுக்குப் பொருந்தும் ஐக்கிய நாடுகள் 13 ஆம் இலக்க ஒழுங்குவிதி, காற்று புதிதாக நிரம்பாத நிலையில் எட்டு முழு மிதிகளுக்குப் பின்னும் அவசர பிரேக்குக்கு வேண்டிய அழுத்தம் மிஞ்ச வேண்டும் என்கிறது. சிறிய தாங்கியின் குறை சமதரையில் தெரியாது; நுவரெலியாவிலிருந்து றம்பொடை நோக்கி இறங்கும் வளைவுகளில் தெரியும்.

அப்படியானால் தேவைக்கு மேல் பெரிய தாங்கி வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். சற்றுப் பெரியதால் தீங்கில்லை. ஆனால் இரண்டு மடங்கு பெரிதாக்கினால் கொம்பிரசர் நிரப்பும் நேரமும் அதே விகிதத்தில் நீளும், கொம்பிரசர் ஒவ்வொரு முறையும் நீண்ட நேரம் தொடர்ந்து ஓடிச் சூடேறும், சூடேறினால் ஒயிலையும் ஈரத்தையும் கூடுதலாகத் தள்ளும். உயரத்தையும் இங்கே கணக்கில் எடுக்க வேண்டும். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வளிமண்டல அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதன் ஐந்தில் நான்கு பங்குதான். கொம்பிரசர் ஒவ்வொரு சுற்றுக்கும் உள்ளிழுக்கும் காற்றும் அதே அளவுக்குக் குறையும். கொழும்பில் நான்கு நிமிடத்தில் நிரம்பும் தாங்கி, அதே என்ஜின் வேகத்தில் நுவரெலியாவில் நிரம்ப ஐந்து நிமிடமாவது எடுக்கும். தொழிற்சாலை முற்றத்தில் அதிகாலையில் முள் ஏற நேரமெடுக்கிறது என்று சொன்னீர்களே, அதில் ஒரு பங்கு கசிவு, ஒரு பங்கு உயரம். பெரிய தாங்கியால் பிரேக்கின் பிடிப்புக் கூடும் என்று நம்புவோரும் இருக்கிறார்கள். பிடிப்பை நிர்ணயிப்பது அழுத்தமும் சேம்பரின் அளவும் லைனிங்கின் நிலையும்தான். டிரம் சூடாகிப் பிடிப்பு மங்குவதற்குத் தாங்கி மருந்தாகாது; அதற்கு இறக்கத்தின் உச்சியிலேயே தாழ்ந்த கியருக்கு வருவதுதான் வழி. தாழ்ந்த கியரில் என்ஜின் கூடுதல் வேகத்தில் சுழல்வதால் கொம்பிரசரும் கூடுதலாகக் காற்றைத் தரும் என்பது அதன் இன்னொரு நன்மை.

இப்போது கடைக்குப் போவோம். தாங்கியில் முதலில் தேட வேண்டியது அதன் விபரத் தகடு. உற்பத்தியாளர், லீற்றரில் கொள்ளளவு, தாங்கக்கூடிய உச்ச வேலையழுத்தம், வெப்பநிலை எல்லைகள், உற்பத்தி ஆண்டு, எந்தத் தரநியமத்துக்கு அமையச் செய்யப்பட்டது என்பவை அதில் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். ஐரோப்பிய முறைத் தாங்கிகளில் இ.என். 286 என்ற எண்ணும், அமெரிக்க முறையில் எஸ்.ஏ.இ. ஜே10 என்ற எண்ணும் இருக்கும். உங்கள் லொறியின் கவர்னர் எந்த அழுத்தத்தில் கொம்பிரசரை நிறுத்துகிறது என்று பாருங்கள். பெரும்பாலான லொறிகளில் அது 7 முதல் 8.5 பாருக்குள் இருக்கும். புதிய சில வகைகளில் 10 பாரை எட்டும். தகட்டிலுள்ள உச்ச அழுத்தம் அதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். தகடு இல்லாத, அல்லது தகட்டின் மேல் கனமாகப் பெயின்ற் பூசி மறைத்த தாங்கியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பாவித்த தாங்கியைப் பற்றி என் கருத்து உறுதியானது. கியர்பெட்டியையோ கதவையோ பாவித்ததாக வாங்குவதில் தவறில்லை. பார்த்து, சுழற்றி, அளந்து வாங்கலாம். தாங்கியின் நோய் உள்ளே, அடிப்பக்கத்தில், கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 வரை பழைய லொறிகளையே திரும்பத் திரும்பச் சீர்செய்து ஓட்ட வேண்டியிருந்த காலத்தில், பாவித்த உதிரிப்பாகங்கள் இல்லாமல் யாராலும் தொழில் செய்திருக்க முடியாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அப்படியிருந்தும், புதிதாகவே வாங்க வேண்டிய பொருட்களின் பட்டியலில் தாங்கியை நான் பிரேக் குழாய்க்குப் பக்கத்திலேயே வைப்பேன்.

அலுமினியமா இரும்பா என்பதற்கு ஒற்றை விடை இல்லை. அலுமினியம் எடை குறைந்தது, உள்ளே துருப்பிடிக்காது. ஆனால் விலை கூட, கல்லடிக்கு எளிதில் நசுங்கும். தாங்கியைச் சுற்றிப் பிடிக்கும் இரும்புப் பட்டி அதன்மேல் நேரடியாகப் பட்டு இடையில் ஈரம் நின்றால், தொடும் இடத்தில் அலுமினியம் அரிக்கும். தோட்டத்துக் கல்ரோட்டில் தினமும் ஏறி இறங்கும் லொறிக்கு, உட்பூச்சுச் சரியாகச் செய்யப்பட்ட இரும்புத் தாங்கியே போதும் என்பது என் எண்ணம். அதே லொறியில் உரமும் ஏற்றுவதுண்டு என்றால் வெளிப்பூச்சையும் கவனியுங்கள். அமோனியம் சல்பேற்றுத் தூள் மழையில் கரைந்து சேசிஸில் இறங்கினால் இரும்பை விரைவாக அரிக்கும். உரம் இறக்கிய நாளிலேயே அடிப்பகுதியைக் கழுவிவிட வேண்டும்.

இணைப்புத் துளைகளின் மரையில் தவறு நேர்ந்தால் மற்ற எல்லாக் கவனமும் வீணாகும். ஐரோப்பிய முறையிலும் அதைப் பின்பற்றும் பல இந்திய லொறிகளிலும் 22 மில்லிமீட்டர் விட்டமும் 1.5 மில்லிமீட்டர் மரை இடைவெளியும் கொண்ட நேரான மரை வரும். அது ரப்பர் வளையத்தால் அடைபடும், டேப் தேவையில்லை. ஜப்பானிய வாகனங்களில் பிரித்தானிய முறையை ஒத்த கூம்பு மரையும், அமெரிக்க முறையில் வேறொரு கூம்பு மரையும் வரும். இந்தக் கூம்பு மரைகள் இரண்டும் அரை அங்குல அளவில் அங்குலத்துக்கு 14 மரைகளே கொண்டிருப்பதால், ஒன்றின் மேல் மற்றது சில சுற்று ஏறிவிடும். ஆனால் ஒன்றின் மரைக்கோணம் 55 பாகை, மற்றதன் கோணம் 60 பாகை. இறுக்கினால் பிடித்ததுபோல இருக்கும், சில நாளில் கசியும், மேலும் இறுக்கினால் தாங்கியின் கழுத்து வெடிக்கும். கையால் மூன்று நான்கு சுற்றாவது தடையின்றி ஏறாத ஃபிட்டிங்கைச் சாவியால் வற்புறுத்தாதீர்கள். பழைய தாங்கியையும் ஒரு ஃபிட்டிங்கையும் கடைக்கே எடுத்துச் சென்று ஒப்பிட்டு வாங்குவது எல்லாவற்றிலும் பாதுகாப்பான வழி.

பூட்டுவதற்கு முன் தண்ணீரைப் பற்றிப் பேசியாக வேண்டும். அதைச் சரிசெய்யாவிட்டால் புதிய தாங்கியும் இதே வழியில் போகும். ஹட்டன், தலவாக்கலை, நோர்வூட் பக்கங்களில் தென்மேல் பருவமழைக் காலத்தில், மே முதல் செப்டெம்பர் வரை, கொம்பிரசர் உள்ளிழுப்பதே ஏறக்குறைய ஈரம் நிறைந்த காற்றுத்தான். பதுளை, அப்புத்தளைப் பக்கத்தில் வடகீழ் மழை அதே வேலையைச் செய்யும். அந்தக் காற்று கொம்பிரசரில் கொதிநிலைக்கும் மேலே சூடேறி, குளிர்ந்த தாங்கிக்குள் வந்து தண்ணீராக விழுகிறது. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் எல்லாத் தாங்கிகளின் வடிகால்களையும் திறந்துவிட்டால் அது தேங்காது. வெளியே வருவதையும் பாருங்கள். தெளிந்த தண்ணீர் கொஞ்சம் வந்தால் அது இயல்பு. மோர்போல வெளுத்த கலவை வந்தால் கொம்பிரசர் ஒயில் தள்ளுகிறது. செம்பழுப்பாக வந்தால் உள்ளே துரு உதிர்கிறது. வெள்ளை மணியோ மாவோ வந்தால் எயார் டிரையருக்குள் இருக்கும் உலர்த்தும் பொருள் உடைந்து போகிறது. அது வால்வுகளுக்குள் போய் அடைக்கும். டிரையருக்குப் பின்னுள்ள தாங்கிகளில் தினமும் தண்ணீர் வந்தால் டிரையரின் கார்ட்ரிஜை மாற்றும் காலம் வந்துவிட்டது. வடிகால் வால்வு சேறு படிந்து இறுகியிருப்பதும், இழுக்கும் கம்பி அறுந்திருப்பதும் மிகச் சாதாரணமாகக் காணும் காட்சிகள். சாரதி மழையில் லொறிக்கு அடியில் படுக்க வேண்டியிருந்தால் அந்த வேலை நடக்காது என்பதை உரிமையாளர் உணர்ந்து, வெளியே நின்றே இழுக்கக்கூடிய கம்பியைப் போட்டுக்கொடுக்க வேண்டும்.

இனிப் பூட்டும் வேலை. மலையகத்தில் சமதரை கிடைப்பது அரிது என்றாலும், இந்த வேலையைச் சரிவில் செய்யவே கூடாது. தொழிற்சாலை முற்றத்திலோ கராஜின் சீமெந்துத் தரையிலோ நிறுத்துங்கள். சாமான் இறக்கியிருக்க வேண்டும். ஸ்பிரிங் பிரேக் இருந்தாலும் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். என்ஜினை நிறுத்தி, ஒவ்வொரு தாங்கியின் வடிகாலையும் தனித்தனியே திறந்து காற்றை முழுமையாக வெளியேற்றுங்கள். ஈரத் தாங்கி காலியாகிவிட்டது என்பதால் மற்றவையும் காலியாகிவிட்டன என்று நினைத்துவிடாதீர்கள், ஏனெனில் ஒருவழி வால்வுகளின் வேலையே அவற்றின் காற்றைக் காப்பதுதான். கேஜில் இரண்டு முள்களும் பூச்சியத்தில் நிற்க வேண்டும். ஹோர்ன், கிளச் உதவி போன்றவற்றுக்குத் தனித் தாங்கி இருந்தால் அதற்குக் கேஜ் இருக்காது, ஆகவே அதன் வடிகாலையும் திறந்து பாருங்கள். அழுத்தம் மிஞ்சியிருக்கும்போது ஃபிட்டிங் ஒன்றைத் தளர்த்தினால் அது முகத்துக்கு நேரே பறக்கும். கண்ணாடி அணியாமல் இந்த வேலைக்கு இறங்க வேண்டாம்.

குழாய்களைக் கழற்றுமுன் கைபேசியில் பல கோணங்களில் படம் எடுத்து, ஒவ்வொரு குழாய்க்கும் அதன் துளைக்கும் ஒரே எண்ணை எழுதி ஒட்டுங்கள். உள்வரும் குழாயும் வெளிச்செல்லும் குழாயும் மாறினால் ஒருவழி வால்வு திசைமாறி, அந்தத் தாங்கி நிரம்பவே நிரம்பாது. கழற்றிய முனைகளைத் துணியால் அடைக்காமல் மூடியால் அல்லது சுத்தமான பொலித்தீனால் மூடுங்கள். ஒரு நூல் பிசிறு வால்வுக்குள் போனாலும் அது பின்னர் தேடித் தீராத கோளாறாகும். தாங்கி இறங்கியதும் பிராக்கெட்டையும் பட்டிகளையும் நன்றாகப் பாருங்கள். பட்டிக்கும் தாங்கிக்கும் நடுவே ஈரமண் தங்கித்தான் வெளித்துரு தொடங்குகிறது. பட்டி மெலிந்திருந்தால் மாற்றுங்கள். உள்ளே இருக்கும் ரப்பரைப் புதிதாகப் போடுங்கள். பழைய டயர்த் துண்டு ஈரத்தைப் பிடித்துவைக்கும் என்பதால் அதை வைப்பதை நான் விரும்புவதில்லை. ஒருவழி வால்வையும் வடிகால் வால்வையும் ரப்பர் வளையங்களையும் தாங்கியோடு சேர்த்துப் புதிதாக மாற்றுவதற்கு ஆகும் செலவு, லொறி ஒரு நாள் நிற்பதன் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

புதிய தாங்கியை ஏற்றும்போது வடிகால் துளை மிகத் தாழ்ந்த புள்ளியில், நேரே கீழ்நோக்கி வர வேண்டும். சற்றுச் சாய்ந்திருந்தாலும் திறந்துவிட்ட பின்பும் ஒரு கோப்பைத் தண்ணீர் உள்ளேயே நிற்கும். விபரத் தகடு வாசிக்கக்கூடிய பக்கம் இருக்கட்டும். பட்டிகள் வெல்டிங் தையலின் மேல் உட்காரக் கூடாது. சைலன்சர், ஷாஃப்ட், டயர் ஆகியவற்றுக்கும் தாங்கிக்கும் இடையில் பழைய இடைவெளி குறையாமல் பாருங்கள்; லொறி வெறுமையாக நிற்கும்போது டயர் தூரமாகத் தெரிந்தாலும், சாமான் ஏறி ஸ்பிரிங் தாழும்போது நெருங்கும். பட்டியை உற்பத்தியாளர் சொன்ன அளவுக்கே இறுக்க வேண்டும். உருளை நசுங்கும் அளவுக்கு இறுக்கினால் நசுங்கிய விளிம்பிலேயே வெடிப்புத் தொடங்கும், தளர்வாக விட்டால் தாங்கி சுழன்று குழாயை முறுக்கும். நைலோன் குழாயை வாளால் அறுக்காமல் அதற்குரிய வெட்டியால் நேராக வெட்டுங்கள். கொம்பிரசரிலிருந்து வரும் குழாய் வழி முழுவதும் தாங்கியை நோக்கிச் சரிந்தே வர வேண்டும். நடுவில் தொங்கினால் அந்தத் தொங்கலில் தண்ணீரும் கரியும் சேரும். கூம்பு மரைக்குத் திரவ அடைப்பானைப் பூசுங்கள். வெள்ளை டேப்பைத்தான் பாவிக்க வேண்டியிருந்தால், முதல் இரண்டு மரைகளை வெறுமையாக விட்டுச் சுற்றுங்கள், பிசிறு உள்ளே போகாதபடிக்கு. புதிய தாங்கியில் பயன்படாத துளைகளை உரிய மூடியால் அடையுங்கள். அழுத்தம் மிஞ்சினால் திறந்து காற்றை விடும் பாதுகாப்பு வால்வு பழைய தாங்கியில் இருந்திருந்தால் புதியதிலும் அதே இடத்துக்கு வர வேண்டும். அந்தத் துளையை ஒரு மூடியால் அடைத்துவிட்டுப் போகும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது, அதற்கு ஒருபோதும் இடம்கொடாதீர்கள்.

காற்றை ஒரேயடியாக உச்சத்துக்கு ஏற்றாமல், 3 பார் அளவில் என்ஜினை நிறுத்தி எல்லா இணைப்புகளிலும் சவர்க்கார நீரைப் பூசிப் பாருங்கள். கசிவு கண்டால் காற்றை வெளியேற்றிய பிறகே இறுக்குங்கள். பிறகு முழு அழுத்தத்துக்கு ஏற்றி, கவர்னர் உரிய இடத்தில் நிறுத்துகிறதா என்று கவனியுங்கள். என்ஜினை நிறுத்தி, பிரேக் விடுபட்ட நிலையில் ஒரு நிமிடத்தில் 2 பி.எஸ்.ஐ.க்கு மேலும், மிதித்துப் பிடித்த நிலையில் 3 பி.எஸ்.ஐ.க்கு மேலும் இறங்கக் கூடாது என்பது தனி லொறிகளுக்கு அமெரிக்கச் சாரதிகள் பின்பற்றும் எல்லை. பாரில் சொன்னால் முறையே 0.14, 0.2. அதன் பின் பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதித்து அழுத்தத்தை இறக்கும்போது, எச்சரிக்கை விளக்கும் ஒலியும் எந்த இடத்தில் வருகின்றன என்று பாருங்கள். 4 பாருக்குக் கீழே போன பின்பும் அவை வரவில்லை என்றால் அந்தச் சுவிட்சைச் சரிசெய்யாமல் லொறியை வெளியே எடுக்க வேண்டாம். பின்னர் மீண்டும் நிரப்பி, ஈரத் தாங்கியை மட்டும் காலி செய்யுங்கள். முன், பின் முள்கள் இரண்டும் அசையக் கூடாது. அடுத்து முன்சுற்றை மட்டும் காலி செய்து பின்சுற்று நிற்கிறதா என்றும், மறுபடி நிரப்பிப் பின்சுற்றை மட்டும் காலி செய்து முன்சுற்று நிற்கிறதா என்றும் பாருங்கள். இந்தக் கடைசிச் சோதனைக்குப் பத்து நிமிடம் போதும். ஆனால் அதைச் செய்யும் கராஜ்கள் குறைவு. ஆகவே பக்கத்தில் நின்று கேட்டுச் செய்வியுங்கள். லொறிக்கான தகுதிச் சான்றிதழ் கையில் இருப்பது இந்தச் சோதனைக்கு ஈடாகாது.

தாங்கியைத் தொழில்நுட்பமாகச் சோதிக்க வேண்டுமென்றால் அதைத் தண்ணீரால் நிரப்பித்தான் அழுத்தம் ஏற்றுவார்கள். தண்ணீர் அமுங்குவது மிகக் குறைவு என்பதால், தகடு விட்டாலும் அது சிதறாமல் கசிந்து நிற்கும். சந்தேகமான தாங்கியைக் கராஜின் பெரிய கொம்பிரசரில் மாட்டி "எவ்வளவு தாங்குகிறது பார்ப்போம்" என்று காற்றால் சோதிக்க யாராவது முயன்றால், தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

வேலை முடிந்த பின் முதல் பயணத்தை வெற்று லொறியோடு, அருகிலுள்ள பாதையில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் பட்டிகளின் நட்டுகளைச் சாவி போட்டுப் பாருங்கள், புதிய ரப்பர் அமுங்கி அவை சற்றுத் தளர்ந்திருக்கும். கொழும்புக்கு ஒரு முறை போய் வந்த பின்பும் அதையே செய்யுங்கள். பிரேக் சேம்பரின் தண்டு எவ்வளவு தூரம் வெளியே வருகிறது என்பதையும் அப்போதே அளந்து, அந்தத் தூரத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்லாக் அட்ஜஸ்டரைச் சரிசெய்யுங்கள். தண்டு நீள ஓடினால் ஒவ்வொரு மிதிக்கும் கூடுதல் காற்றுச் செலவாகி, மேலே சொன்ன கணக்கெல்லாம் பிசகும். முதல் இரண்டு வாரம் தினமும் வடிகாலைத் திறக்கும்போது கீழே ஒரு வெள்ளைத் தகரத்தைப் பிடித்து, வருவதன் நிறத்தையும் அளவையும் சாரதியை ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். புதிய தாங்கியிலிருந்து செம்பழுப்பாக எதுவும் வரக் கூடாது. வந்தால் அது குழாய்களிலிருந்தோ ஈரத் தாங்கியிலிருந்தோ வருகிறது என்று பொருள். அடுத்ததாகக் கழற்ற வேண்டியது அந்த ஈரத் தாங்கியை.